மறுப்பு எதுவும் எழவில்லை

ஜூன் 3, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். பதவியின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது: பழங்குடி உறவு மற்றும் சமூகக் கூட்டாண்மை அலுவலர். அண்ணனுக்குப் போனில் சொன்னேன். "உறவா? மாப்பிள்ளை பொண்ணு பாத்துக் குடுப்பியா?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் ஆலோசகராக இருந்த மூன்று வருடமும் இதே சிரிப்புத்தான். இந்த வேலையிலாவது ஒரு பெயர் எடுக்க வேண்டும்.

பொது மேலாளர் ஜெயசிங் சார் விவரம் சொன்னார். பெரியகுளத்துக்கு மேலே ஒரு பழைய காப்பி எஸ்டேட்டைக் கம்பெனி வாங்கியிருக்கிறது. அங்கே சுற்றுலா விடுதி வரப்போகிறது. எஸ்டேட்டை ஒட்டி ஈத்தம்பாறை என்ற குடியிருப்பு. இருபத்துமூன்று பளியர் குடும்பங்கள். அவர்கள் ஊற்றுக்கும் தேன்பாறைக்கும் போகிற பாதை எஸ்டேட்டுக்கு நடுவில் ஓடுகிறது. விடுதி வந்தால் பாதையை அடைத்து வேலி. பதிலுக்குக் குழாய்த் தண்ணீர், விடுதியில் வேலை. வெளிநாட்டு முதலீட்டாளர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாராம், அந்த மக்கள் மனமார ஒத்துக்கொள்ள வேண்டும் என்று. அதைக் கேட்டு எழுதி வாங்குவது என் பொறுப்பு. ஆறு மாதம் சோதனைக் காலம். டிசம்பரில் வேலை நிரந்தரமாகும், இல்லையென்றால் சொந்த ஊர் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

ஜூன் 5, புதன்

முதல் கூட்டம். ஜீப் போகிற வரைக்கும் போய், பிறகு ஒரு மணி நேர நடை. டிரைவர் தவசி அண்ணன் கூடவே வந்தார். அவருக்கு மலையில் எல்லோரையும் தெரியும்.

முப்பத்தொரு பேர் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். திட்டத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஒருவர் எழுந்து போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடுத்து இரண்டு பெண்கள். பிறகு ஒரு வரிசையே கிளம்பிவிட்டது. யார் முகத்திலும் கோபம் இல்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. முடிக்கும்போது எண்ணினேன், ஒன்பது பேர்.

எங்கள் வீட்டில் யாராவது கிளம்பினால் "போயிட்டு வர்றேன்" என்று நாலு முறை சொல்லி, வாசலில் நின்று இன்னும் அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் போவார்கள். இங்கே ஒரு தலையாட்டல்கூட இல்லை. கூட்டத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா? தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

ஜூன் 6, வியாழன்

அட்டை கடித்த ரத்தம் சுடிதாரை விட்டுப் போகவில்லை. மூன்று முறை அலசினேன்.

ஜூன் 19, புதன்

இரண்டாம் கூட்டம். இந்தத் தடவை அறுபது உளுந்தவடையோடு போனேன். இருபத்தாறு பேர். வடை தீருகிற வரைக்கும் இருந்தார்கள், பிறகு பழைய கதைதான். எட்டுப் பேர் மிஞ்சினார்கள்.

"யாருக்காவது மறுப்பு இருக்கா?" என்று மூன்று முறை கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு குழந்தை மட்டும் இன்னொரு வடை கேட்டது.

கூட்டம் முடிந்து சாமான்களை எடுத்து வைக்கும்போது ஒரு பெண் வந்து பாத்திரத்தைத் தூக்க உதவினாள். பெயர் கொடியம்மா. என் வயதுதான் இருக்கும், இருபத்தேழு, இருபத்தெட்டு. வந்ததும் "நீ கல்யாணம் பண்ணலையா, ஆபீசம்மா?" என்று கேட்டாள். எடுத்த எடுப்பில் நீ. எனக்கு அது பிடித்திருந்தது. இந்த மலையில் என்னிடம் பேசிய முதல் ஆள் அவள்தான்.

அறிக்கையில் எழுதினேன்: மறுப்பு எதுவும் எழவில்லை. ஜெயசிங் சார் படித்துவிட்டு, "ஒண்ணுகூட இல்லையா? பிரமாதம்மா! மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி" என்றார். முதல் பாராட்டு.

ஜூலை 8, திங்கள்

கூட்டம் எதுவும் இல்லை. சும்மா போய்க் கொடியம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். அவள் மரத்திலிருந்து உரித்த கல்பாசியைப் பாயில் பரப்பித் தூசி எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் எடுத்தேன். என் குவியலில் பாதிக்கு மேல் மரப்பட்டைதான் என்று சொல்லிச் சிரித்தாள்.

பேச்சுவாக்கில் முதல் புருஷனைப் பற்றிச் சொன்னாள். ஒருநாள் அவன் கையை ஓங்கினானாம்.

"நீ என்ன பண்ணின?"

"கஞ்சி கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. எறக்கி வச்சிட்டு வந்துட்டேன்."

"சண்டை போடலையா?"

"எதுக்குச் சண்டை? அதான் வந்துட்டேன்ல."

"ஒரு வார்த்தை சொல்லலையா? அவன் தேடி வரலையா?"

"எதுக்குத் தேடணும்? நான் போறதத்தான் அவன் பாத்துட்டானே."

என் சித்தி இப்படி ஒரு தடவை கிளம்பியபோது மூன்று நாள் பஞ்சாயத்து நடந்தது. இரண்டு பக்கமும் பதினைந்து பேர் பேசி, பழைய சீர்வரிசை வரைக்கும் இழுத்தார்கள். இவளோ கஞ்சியை இறக்கி வைத்ததோடு முடித்துவிட்டாள். கொடுத்து வைத்தவள்.

ஜூலை 9, செவ்வாய்

கேஸ் தீர்ந்துவிட்டது. புக் செய்தால் நான்கு நாள் ஆகுமாம். காலையிலும் மாலையிலும் பரோட்டா கடை.

ஆகஸ்ட் 21, புதன்

மூன்றாம் கூட்டம். ஜெயசிங் சாரும் மேலே வந்தார். பெரிய வரைபடத்தை மரத்தில் கட்டி ஒரு மணி நேரம் பேசினார். இருபத்திரண்டு பேர் வந்ததில் கடைசியில் இருந்தது நான்கு. அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி, நான்கு பேரிடமும் ஒப்புதல் தாளில் கைரேகை வாங்கினோம். தூங்கியவர் எதற்கென்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏற்கெனவே மூன்று கூட்டத்தில் சொன்னதுதானே.

"ஏகமனதுன்னு போடுங்கம்மா" என்றார் சார். யோசித்துப் பார்த்தால் அது பொய்யில்லை. கடைசி வரை இருந்த எல்லோரும் ரேகை வைத்திருக்கிறார்கள். "கலந்துகொண்டு நிறைவு வரை இருந்த அனைவரும் ஒப்புதல் அளித்தனர்" என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியைப் பார்க்காமல் கணினியை மூடினேன். தலைவலி, வெயிலில் நின்றதால் இருக்கும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஈத்தம்பாறையில் இன்று கொடியம்மாவின் இப்போதைய புருஷனும் அவன் மச்சான் சடையனும் கல்பாசி மூட்டையைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். பங்கில் ஏதோ கூடக்குறைய. சடையன் தன் பங்கைக் கீழே வைத்தார், எழுந்தார், நடந்தார். கொடியம்மாவின் புருஷன் மறுபேச்சில்லாமல் மூட்டையை அவிழ்த்து முதலிலிருந்து பிரிக்க ஆரம்பித்தான்.

"ஏன் மறுபடியும் பிரிக்கிறாங்க?" என்று கொடியம்மாவிடம் கேட்டேன்.

"சடையன் வேணாம்னு சொல்லிட்டாருல்ல."

"எப்பச் சொன்னாரு? நான் இங்கயேதான் உக்காந்திருக்கேன். அவரு வாயே தெறக்கல."

கொடியம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள். "போனாருல்ல" என்றாள்.

ஜீப்பில் வரும்போது என் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். மூன்று கூட்டத்துக்கும் சேர்த்து வந்தவர்கள் எழுபத்தொன்பது. எழுந்து போனவர்கள் ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு எண்ணையும் நானேதான் எழுதியிருக்கிறேன், பக்கத்தில் "அக்கறை இல்லை", "ஒழுங்கு இல்லை" என்று குறிப்பு வேறு. அவர்கள் என் கண் முன்னாலேயே ஐம்பத்தெட்டு முறை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் உட்கார்ந்து எண்ணிவிட்டு, சம்மதம் என்று அனுப்பியிருக்கிறேன். படித்தது சமூகப்பணி முதுகலை, முதல் வகுப்பு. வெட்கக்கேடு.

செப்டம்பர் 12, வியாழன்

ஜெயசிங் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"எழுந்து போனா எதிர்ப்பா? சட்டசபையில வெளிநடப்பு பண்றவங்ககூட எந்திரிச்சு நின்னு காரணத்தச் சொல்லிட்டுத்தானேம்மா போறாங்க?"

"இவங்க வழக்கம் அப்படி சார்."

"வழக்கத்த நான் ஃபைல்ல வைக்க முடியுமா? ஒரு லெட்டர் குடுங்க. இல்ல, ஒருத்தர் வாயால வேண்டாம்னு சொல்லட்டும். அக்டோபர் ஒன்பதாம் தேதி முதலீட்டாளர் தரப்புலருந்து ஒரு அம்மா வர்றாங்க. அவங்க முன்னாடி ஒரே ஒருத்தர் சொன்னாப் போதும், நானே திட்டத்த நிறுத்தி வைக்கச் சொல்றேன். போதுமா?"

அவர் சொன்னதில் ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. ஒரே ஒருவர், ஒரே ஒரு சொல். அவர்கள் ஊற்றும் தேன்பாறையும் அந்தச் சொல்லில் தொங்குகின்றன. வாங்கிவிடலாம். கூட்டம் கூட்டி நானே செய்த தவறை நானே சரி செய்வேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

இந்த இரண்டு வாரத்தில் ஒன்பது முறை மேலே போயிருக்கிறேன். வீடு வீடாக உட்கார்ந்து சொல்கிறேன்: "அந்தம்மா வருவாங்க, எங்களுக்கு வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க. ரெண்டே வார்த்தை." சிரிக்கிறார்கள். விறகுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். நேற்று நான் தலையைக் காட்டியதுமே நாலு வீட்டில் ஆள் இல்லை. நான் யாருக்காக அலைகிறேன் என்று இவர்களுக்குப் புரியவே இல்லையே!

தவசி அண்ணன் இறங்கும்போது சொன்னார்: "கொஞ்சம் விட்டுப் பிடிங்கம்மா. தெனமும் போனா அவுகளுக்குச் சங்கடமா இருக்கும்ல."

விட்டுப் பிடிக்க நாள் எங்கே இருக்கிறது? பதினைந்து நாள்தான்.

அக்டோபர் 3, வியாழன்

கொடியம்மாவோடு சண்டை. சண்டை என்றால் நான் மட்டும் போட்டது.

அவள் முறத்தில் கல்பாசி புடைத்துக்கொண்டிருந்தாள். போனில் பதிவு செய்யும் பொத்தானை அமுக்கி அவள் முன்னால் வைத்தேன்.

"சொல்லு கொடி. எங்களுக்கு வேண்டாம்."

"நீயே சொல்லிரு ஆபீசம்மா."

"நான் சொன்னா செல்லாது. நீ சொல்லணும்."

"அப்ப விடு."

"விடுறதா? பாதைய அடைச்சிருவாங்க, தெரியுமா? ஊத்துக்கு எப்படிப் போவ? உங்களுக்காகத்தானே நான் இப்படி நாயா அலையிறேன்! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்தாள். நான் கையைப் பிடித்தேன். பிடித்தது உண்மைதான், இறுக்கியெல்லாம் பிடிக்கவில்லை. "சொல்லிட்டுப் போ" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. நானாகத்தான் விட்டேன். மரங்களுக்குள் போய்விட்டாள். அரை மணி நேரம் காத்திருந்தேன், வரவில்லை. பதிவைப் போட்டுக் கேட்டேன். முழுக்க என் குரல்தான்.

கோபம் தணிந்ததும் வந்துவிடுவாள். அடுத்த முறை அவளுக்கு ஒரு புடவை வாங்கிப் போகலாம்.

அக்டோபர் 8, செவ்வாய்

நான்கு நாளாக மழை. மேலே போக முடியவில்லை. துணி ஒன்றும் காயவில்லை. சர்க்கரை டப்பாவில் எறும்பு. நாளைக்கு அந்த அம்மா வருகிறார்.

அக்டோபர் 9, புதன்

மழை விட்டிருந்தது. முதலீட்டாளர் தரப்பிலிருந்து வந்தவர் பெயர் கிளாரா. அறுபது வயதிருக்கும், ஒரு வார்த்தை முனகாமல் மலை ஏறினார். ஜெயசிங் சார், நான், தவசி அண்ணன்.

ஈத்தம்பாறையில் யாரும் இல்லை.

காலையில் எங்காவது போயிருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தேன், நாய்களும் இல்லை. அரசாங்கம் கட்டிக்கொடுத்த பதினோரு வீட்டிலும், மற்றக் குடிசைகளிலும் கதவு சாத்தி, குறுக்கே முள் கிளை வைத்திருந்தது. அடுப்புச் சாம்பல் மழையில் கரைந்து போயிருந்தது. தவசி அண்ணன் ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "போயிட்டாகம்மா" என்றார். "ஒரு வீடு மிச்சமில்ல. நாலஞ்சு நாளு இருக்கும்."

நாலைந்து நாள் என்றால் வெள்ளிக்கிழமை. நான் கொடியம்மாவின் கையைப் பிடித்ததற்கு மறுநாள்.

"எல்லோரும் எங்கே?" என்று கிளாரா கேட்டார். ஜெயசிங் சார் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. இவர்கள் ஓரிடத்தில் நிலையாக இருப்பவர்கள் இல்லை, பருவத்துக்குப் பருவம் மாறுவார்கள் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்.

"இல்லை" என்றேன் நான். "மறுத்திருக்கிறார்கள்."

கிளாரா நோட்டைத் திறந்தார். யாரிடம் மறுத்தார்கள் என்று கேட்டார். என்னிடம் என்றேன். என்ன சொன்னார்கள் என்றார். "எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்வது அப்படித்தான்." மூன்று கூட்டத்தின் கணக்கையும் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு கேட்டார்: "இந்த முறை போனார்களே, அது விடுதி வேண்டாம் என்பதற்காகவா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கேட்டதும் கொடியம்மா என் கையைப் பார்த்த பார்வைதான் எனக்கு ஞாபகம் வந்தது. "நான் மிகவும் வற்புறுத்தினேன். அதனாலும் இருக்கலாம்" என்றேன்.

"பார்த்தீர்களா, இது ஊழியரின் அணுகுமுறை சம்பந்தப்பட்டது. திட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று ஜெயசிங் சார் அதையும் ஆங்கிலத்தில் அழகாக எடுத்துக் கொடுத்தார். கிளாரா ஏற்கெனவே எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். கீழே எழுதிய வரியை நான் எட்டிப் பார்த்தேன்: வருகையின்போது குடியிருப்போர் எவரும் இல்லை; எதிர்ப்பு பதிவாகவில்லை.

வாங்கிப் போன புடவை பையிலேயே இருக்கிறது.

அக்டோபர் 10, வியாழன்

மூன்று மாதம் அவர்கள் வேண்டாம் என்று சொன்னதை நான் கேட்கவில்லை. கேட்ட பிறகு, அதை என் பாஷையில் சொல்லச் சொல்லித் துரத்தினேன். விடுதி வந்தாலும் அவர்கள் அங்கேயே இருந்திருப்பார்களோ என்னவோ, வேலியைச் சுற்றிக்கொண்டு நடந்திருப்பார்கள். துரத்தியது நான்தான். சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

தவசி அண்ணன் கேரள எல்லைப் பக்கம் சவாரி போய் வந்தார். ஓர் ஏலத்தோட்டத்தில் ஈத்தம்பாறை ஆட்களைப் பார்த்தாராம். பன்னிரண்டு குடும்பம் அங்கே கூலிக்கு இருக்கிறதாம், தகரக் கொட்டகையில். மற்றவர்கள் எங்கே என்று தெரியவில்லை. கொடியம்மா இருக்கிறாளாம்.

"என்னப் பத்தி ஏதாவது சொன்னாளாண்ணே?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"திட்டினாளா?"

"அதெல்லாம் இல்லம்மா. உங்க பேச்சே எடுக்கல."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. இங்கே பாதைக்கு வேலி போட்டாகிவிட்டது. கல் தூண் ஊன்றி, முள்கம்பி. குழாய் போடவில்லை, ஆளில்லாத இடத்துக்குக் குழாய் எதற்கு?

டிசம்பர் 2, திங்கள்

காலை பதினோரு மணிக்கு ஜெயசிங் சார் கூப்பிட்டார். மேசை மேல் நிரந்தர உத்தரவு. வாசித்தும் காட்டினார்: "சிக்கலான ஒரு பகுதியில் ஒரு மோதலும் ஒரு புகாரும் இன்றிப் பணியை நிறைவு செய்தமைக்காக." ஜனவரியில் இன்னொரு மலை. நாற்பது குடும்பங்கள். எனக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்வார்கள்.

"சார், அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"அது உங்க நேர்மைம்மா. அந்தம்மாவே அதப் பாராட்டி எழுதியிருக்காங்க. அதனாலதான் இது தடையில்லாம வந்துச்சு. என்ன, ஒத்துக்கிறீங்கள்ல?"

கதவு திறந்துதான் இருந்தது. நாற்காலியிலிருந்து ஏழெட்டு அடி வைத்தால் வெளியே. வாய் திறக்கத் தேவையில்லை, காரணம் சொல்லத் தேவையில்லை. எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு முறை எனக்குச் செய்து காட்டியிருக்கிறார்கள். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காப்பி வந்தது. குடித்தேன். இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது அறைக்கு வந்து இதை எழுதுகிறேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்தப் புது மலையில் இருப்பவர்கள் எப்படி மறுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. போனால் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் நான் அதே அறிக்கையைத்தான் எழுதுவேனோ என்று பயமாக இருக்கிறது.